இறங்கும் கியரும் ஏறும் சுழற்சியும்

தானியங்கிக் கியர் பூட்டிய மோட்டார் வண்டி ஒன்று சாலையின் வளைவை நெருங்குகையில், பிரேக்கின் அழுத்தத்தால் வேகம் தணிந்துகொண்டிருக்க, ஓட்டுபவரின் வலக்கால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே இருந்தும், எஞ்சினின் குரல் மட்டும் திடீரென்று ஒரு படி உயர்ந்து பின்பு அந்த உயரத்திலேயே நிலைபெறுவதை, அத்தகைய வண்டிகளில் பிரயாணம் செய்தவர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். வண்டியின் வேகம் குறைகிறது. எஞ்சினின் வேகமோ கூடுகிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் முரணாகத் தோன்றும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள்ளே, சக்தி அழியாமை என்னும் பௌதிக விதியும், எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட யந்திரக் கலையின் சரித்திரமும் அடங்கியிருக்கின்றன. இந்த அத்தியாயம் முழுவதிலும் நாம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: எஞ்சினின் சுழற்சியை அவ்வாறு உயர்த்துவதற்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர், வேகத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் வினாடிக்கு 10 சுற்றும் நிமிஷத்துக்கு 600 சுற்றும் சுழலும். அச்சிலுள்ள இறுதிப் பற்சக்கர இணையின் விகிதம் 3.15 என்று கொண்டால், கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு நிமிஷத்துக்கு 1,890 சுற்றுச் சுழன்றாக வேண்டும். ஜெர்மனியின் இஸட்.எஃப். நிறுவனம் வடிவமைத்து, 2009-ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் பெரிய கார் ஒன்றில் முதன்முதலாக வெளிவந்த எட்டு வேகத் தானியங்கிக் கியர் பெட்டியை நமது உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் ஆறாம் கியரின் விகிதம் சரியாக ஒன்று. ஆகவே அந்தக் கியரில் எஞ்சினும் 1,890 சுற்றே சுழலும். ஐந்தாம் கியரின் விகிதம் 1.285; வண்டியின் வேகம் மாறாமல் அந்தக் கியருக்கு இறங்கினால் எஞ்சின் ஏறக்குறைய 2,430 சுற்றுக்கு உயர வேண்டும். நான்காம் கியரின் 1.667 விகிதத்துக்கு 3,150 சுற்று. மூன்றாம் கியரின் 2.1 விகிதத்துக்கு 4,000 சுற்றுக்குச் சற்றே குறைவு. முதல் கியருக்கே இறக்கிவிட்டால் எஞ்சின் 8,900 சுற்றை ஒட்டி ஓட வேண்டிவரும். சாதாரணக் கார் எஞ்சின் எதுவும் அதைத் தாங்காதாகையால், ஓட்டுபவர் நெம்புகோலை எத்தனை முறை தட்டினாலும் இக்காலத்துக் கியர் பெட்டி அந்தக் கட்டளையை ஏற்க மறுத்துவிடும்.

இந்த எண்களில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பற்கள் பல்லோடு பல் கோத்து நிற்பவை. சாலையும் சக்கரமும் ஒரு வேகத்தை நிர்ணயித்த பிறகு, பிடித்திருக்கும் கியர் எதுவோ அது எஞ்சினின் வேகத்தையும் நிர்ணயித்துவிடுகிறது. கியரை இறக்குவதென்றால், ஒரு நிர்ணயத்திலிருந்து மற்றொரு நிர்ணயத்துக்குத் தாவுவது. இடையில் இருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் எஞ்சின் புதிய வேகத்தை எவ்விதமாவது அடைந்தாக வேண்டும்.

எஞ்சினோ எளிதில் வேகம் மாற்றிக்கொள்ளும் பொருளன்று. கிராங்க் ஷாஃப்ட், அதன் முனையில் பூட்டிய ஃபிளைவீல், கிளட்சின் தட்டுகள் யாவும் சேர்ந்து கனத்த ஒரு சுழல்பொருள் ஆகின்றன. அதன் சுழற்சி ஜடத்துவத்தை 0.2 கிலோகிராம்-சதுர மீட்டர் என்று கொள்வது நடுத்தரக் காருக்குப் பொருத்தமாக இருக்கும். ஆறாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு, அதாவது 1,890 சுற்றிலிருந்து 3,150 சுற்றுக்கு, அதை உயர்த்த ஏறக்குறைய 7,000 ஜூல் சக்தி வேண்டும். 1,600 கிலோகிராம் எடையுள்ள வண்டி 72 கி.மீ. வேகத்தில் சுமந்து செல்லும் இயக்க சக்தி 3,20,000 ஜூல். அதனோடு ஒப்பிட்டால் 7,000 என்பது நாற்பத்தைந்தில் ஒரு பங்குதான். ஆனால் இந்தச் சிறு பங்கை ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பகுதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதே விஷயம்.

எஞ்சினுக்கு எவ்வித உதவியும் செய்யாமல், புதிய கியரின் கிளட்சை மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? மெதுவாகச் சுழலும் எஞ்சினை, வேகமாகச் சுழலும் தண்டு பிடித்து இழுக்கும். கணக்கின்படி வண்டி தன் இயக்க சக்தியிலிருந்து சுமார் 8,700 ஜூலை இழக்கும். அதில் 7,000 எஞ்சினின் சுழற்சியாக மாற, மிச்சமுள்ள 1,700 ஜூல் கிளட்சுத் தட்டுகளின் உராய்வில் வெப்பமாகிப் போகும். இந்த இழுப்பால் வண்டி இழக்கும் வேகம் மணிக்கு 1 கி.மீ. அளவுதான். ஆயினும் 0.3 வினாடிக்குள் அது நிகழ்வதால், வினாடிக்கு வினாடி 0.9 மீட்டர் என்ற விகிதத்தில், புவியீர்ப்பு முடுக்கத்தின் பதினோரு பங்கில் ஒரு பங்கு அளவுக்கு, ஒரு குலுக்கலாக அது வெளிப்படும். உட்கார்ந்திருப்பவரின் தலை முன்னே சாய்ந்து பின்னே வரும். இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பிரேக்கின் விசை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிடப்படுவது போல இந்த விசை பங்கிடப்படுவதில்லை, எஞ்சினால் உந்தப்படும் இரண்டு சக்கரங்களே அதை முழுவதும் தாங்க வேண்டும். மழை நனைத்த சாலையில், அதுவும் வளைவின் நடுவில், அந்த இரண்டு டயர்களும் பிடிப்பை இழந்து வழுக்குவதற்கு இந்த அற்ப நேரத்து இழுப்பே போதுமானது.

மாறாக, இணைப்பு தளர்ந்திருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் எஞ்சினுக்குச் சற்று எரிபொருளையும் காற்றையும் கொடுத்து, அது தன் சொந்த பலத்தாலேயே 3,150 சுற்றை எட்டிய கணத்தில் புதிய கியரைப் பிடித்தால், இரு பக்கமும் ஒரே வேகத்தில் இருப்பதால் உராய்வு இல்லை, குலுக்கல் இல்லை, சக்கரத்தில் இழுப்பும் இல்லை. இதற்குச் செலவாகும் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். சுழற்சி ஒத்திசைவு என்று இதைச் சொல்லலாம். ஆக, கியரை இறக்கும்போது வேண்டிய சக்தியை வண்டியின் ஓட்டத்திலிருந்து பறிக்கலாம், அல்லது எரிபொருளிலிருந்து கொடுக்கலாம்; இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே தீர வேண்டும். தானியங்கிக் கியர் பெட்டியின் சரித்திரத்தை ஒரு கோணத்திலிருந்து பார்த்தால், இந்தத் தேர்வை யார் செய்வது, எவ்வளவு திறம்படச் செய்வது என்பதன் சரித்திரமாகவே அது காட்சியளிக்கிறது.

கையால் கியர் மாற்றிய காலத்தில் அந்தத் தேர்வு ஓட்டுபவருடையதாக இருந்தது. பழைய தலைமுறை லாரி டிரைவர்கள் டபுள் கிளட்ச் போட்டு ஓட்டியவர்கள். கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு எஞ்சினை ஒரு முறை ரேஸ் செய்து, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கீழ்க்கியரில் போட்டு, கடைசியாகக் கிளட்சை விடுவார்கள். இத்தனையையும் மலைச் சரிவில், சுமை பின்னிருந்து தள்ள, ஒலியை மட்டுமே துணையாகக் கொண்டு செய்தார்கள். அந்தச் செவிக்கூர்மையையும் கால் லாகவத்தையும் எந்தக் கணக்குப் புத்தகமும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை எண்ணும்போது, அவர்களிடத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.

அந்தச் சிரமத்தில் பாதியைக் குறைத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் தாம்ஸன். அவர் கண்டுபிடித்து, 1928-இல் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்ற ஸிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பில், பற்கள் கோப்பதற்கு முன் கூம்பு வடிவமான சிறு உராய்வு வளையங்கள் ஒன்றையொன்று தொட்டு, கோக்க வேண்டிய இரண்டு பாகங்களின் வேகத்தையும் சமப்படுத்திவிடும். பற்கள் கரகரவென்று மோதிக்கொள்வது அத்துடன் நின்றது. ஆனால் அந்த வளையங்கள் சமப்படுத்துவது கியர் பெட்டிக்குள் உள்ள தண்டுகளைத்தான். கிளட்சுக்கு அப்பாலுள்ள எஞ்சின் மெதுவாகவே சுழன்றுகொண்டிருக்கும். ஆதலால் கிளட்சை விடும் கணத்தில் குலுங்காமல் இருக்க ஓட்டுபவர் எஞ்சினை ரேஸ் செய்யும் வேலை தப்பவில்லை. பந்தய ஓட்டிகள் வலக்காலின் முன்பாதத்தால் பிரேக்கை மிதித்தபடியே அதன் ஓரத்தாலோ குதியாலோ ஆக்ஸிலரேட்டரைத் தட்டும் வித்தையை இன்றளவும் பயில்வது இதன் பொருட்டே.

அதே தாம்ஸன் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் குழுவொன்று உருவாக்கிய ஹைட்ரா-மேட்டிக் என்னும் கியர் பெட்டி, 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்தப்பட்டு, 1939-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தது. பெருந்தொகையாக உற்பத்தியான முதல் முழுத் தானியங்கிக் கியர் பெட்டி அதுவே. அதில் கிளட்சு மிதி இல்லை. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே, ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் யந்திரங்களுக்காகக் கண்டறிந்த தத்துவத்தின்படி, எண்ணெய் நிரம்பிய இணைப்பு ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் கோள் பற்சக்கரத் தொகுதிகள். இத்தொகுதியில் நடுவே சூரியச் சக்கரமும், அதைச் சுற்றிவரும் கோள் சக்கரங்களும், அவற்றை வெளியிலிருந்து அணைக்கும் உட்பல் வளையமும் இருக்கின்றன. பற்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். ஏதாவது ஒரு பாகத்தைப் பட்டையால் பிடித்து நிறுத்தினால் ஒரு விகிதமும், இரண்டு பாகங்களைக் கிளட்சால் ஒன்றாகக் கட்டினால் நேர் விகிதமும் கிடைக்கும். கியர் மாற்றம் என்பது இங்கே பற்களை இடம் நகர்த்தும் காரியமாக இல்லாமல், உராய்வுத் தட்டுகளைப் பிடிப்பதும் விடுவதுமான காரியமாக மாறிவிட்டது.

ஹைட்ரா-மேட்டிக்கின் முன் தொகுதி 1.45 விகிதம் தரும். பின் தொகுதி 2.63. இரண்டும் சேர்ந்தால் முதல் கியர், சுமார் 3.8. முன் தொகுதி நேரானால் இரண்டாம் கியர், 2.63. முன் தொகுதி மறுபடியும் குறைப்புக்கு வந்து பின் தொகுதி நேரானால் மூன்றாம் கியர், 1.45. இரண்டுமே நேரானால் நான்காம் கியர். இதில் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்குவது எளிது, ஒரு தொகுதி மட்டும் மாறினால் போதும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவதோ இரண்டு தொகுதிகளும் ஏககாலத்தில் எதிரெதிர்த் திசையில் மாறவேண்டிய சங்கடமான காரியம். ஒன்று முந்தினால் எஞ்சின் ஊளையிடும், மற்றொன்று முந்தினால் வண்டி குலுங்கும். மின்னணுச் சாதனம் ஒன்றுகூட இல்லாத அந்நாளில், எண்ணெய் அழுத்தத்தையும் சுருள்வில்லையும் மட்டும் கொண்டு இந்த நேரப் பொருத்தத்தை அவர்கள் சாதித்தார்கள் என்பது யந்திரக் கலையின் பெரிய வெற்றிகளில் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

எந்த நேரத்தில் இறங்குவது என்ற தீர்மானமும் எண்ணெயினாலேயே நடைபெற்றது. வெளித்தண்டோடு சுழலும் கவர்னரின் எடைகள் வண்டியின் வேகத்துக்கேற்ப வெளியே விரிந்து ஓர் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கும். ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த வால்வு, கால் அழுத்தத்துக்கேற்ப மற்றோர் அழுத்தத்தை உண்டாக்கும். இவ்விரு அழுத்தங்களும் ஒரு சிறு வால்வின் இரு முனைகளிலும் எதிர்த்து நிற்க, வேகத்தின் அழுத்தம் வென்றால் கியர் ஏறும். காலின் அழுத்தம் வென்றால் கியர் இறங்கும். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட நினைத்து ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதிக்கும்போது கியர் இறங்கி எஞ்சின் சீறிப் புறப்படுவது, அன்றும் இன்றும் இந்த அடிப்படையில்தான்.

இப்படிக் காலால் மிதித்து வரவழைக்கும் இறக்கத்தில் ஓர் இயற்கையான சௌகரியம் இருக்கிறது. அப்போது எஞ்சின் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. அதன் சுழற்சியை உயர்த்த வேறெதுவும் தேவையில்லை, அதைப் பிடித்துவைத்திருக்கும் பழைய கிளட்சைச் சற்றே நழுவவிட்டால் போதும். எஞ்சின் தானாகவே மேலே ஓடும். அது புதிய கியருக்குரிய வேகத்தை எட்டும் கணத்தில் புதிய கிளட்சு பிடிக்க வேண்டும், பழையது முழுவதும் விட வேண்டும். முற்றிலும் விட்டுவிடாமல் நழுவவிடுவதன் காரணம், அந்த இடைவேளையிலும் சக்கரத்துக்கு ஓரளவு உந்துவிசை போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதே. புதிய கிளட்சு தாமதித்தால் எஞ்சின் இலக்கைத் தாண்டி ஓலமிடும். முந்திவிட்டால் இரண்டு கிளட்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று வண்டி ஒரு கணம் கட்டுண்டதுபோல் தயங்கும்.

கால் எடுத்த நிலையில் இறங்கும் இறக்கம்தான் உண்மையில் கடினமானது. இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் நாம் கேட்ட அந்த எஞ்சின் ஒலி அதற்கு உரியது. அப்போது எஞ்சின் இழுப்பதில்லை, இழுக்கப்படுகிறது. பழைய கிளட்சை நழுவவிட்டால் அதன் வேகம் ஏறுவதற்குப் பதிலாகக் கீழே விழும். பல்லாண்டுகளாக வடிவமைப்பாளர்கள் இந்தப் பிரச்சினையைத் தீர்க்காமல், நேர்த்தியாக அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரே திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் சுதந்திரமாகச் சுழலவிடும் ஒருவழிக் கிளட்சுகளைக் கீழ்க்கியர்களில் அமைத்தார்கள். எஞ்சின் சக்கரத்தை உந்தும்போது அவை இறுகும். சக்கரம் எஞ்சினை உந்த முயன்றால் நழுவிவிடும். ஆகவே வேகம் குறைந்து வரும்போது கியர் பெட்டி தாழ்ந்த கியருக்கு மாறினாலும் எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது. குலுக்கல் இல்லை, ஆனால் எஞ்சினால் வண்டியைத் தடுத்து நிறுத்தும் பலனும் இல்லை. பழைய தானியங்கி வண்டிகள் மலையிறக்கத்தில் அவிழ்த்துவிட்டதுபோல் ஓடியதும், நெம்புகோலை ‘டி’ நிலையிலிருந்து ‘2’ அல்லது ‘எல்’ நிலைக்கு இழுத்தால்தான் கூடுதலான பட்டையோ கிளட்சோ பிடித்து எஞ்சினின் தடுப்பு கிடைத்ததும் இதனால்தான். அப்படி இழுத்த கணத்தில் வண்டி எப்படிக் குலுங்கியது என்பதை அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் கொடுக்க மறுத்த சக்தியை வண்டியின் ஓட்டம் கொடுத்த தருணம் அது.

எண்ணெய் இணைப்புக்குப் பதிலாக 1948-இல் பியூக் டைனாஃப்ளோ முதலியவற்றில் வந்த டார்க் கன்வர்ட்டர், அந்தக் குலுக்கலின் ஒரு பகுதியைத் தன் எண்ணெய்ச் சுழலிலேயே விழுங்கிக்கொண்டது. எஞ்சினும் கியர் பெட்டியும் அதில் எண்ணெயால் மட்டுமே தொடர்புகொள்வதால், இரண்டின் வேகமும் சரியாக ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எண்ணெய் நழுவும்போதெல்லாம் சக்தி வெப்பமாகி வீணாவதால், சிக்கனத்தின் பொருட்டுப் பிற்காலத்தில் கன்வர்ட்டருக்குள் ஒரு பூட்டுக் கிளட்சு வைத்து, ஓட்டம் நிலைத்தவுடன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இறுகக் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பூட்டு எத்தனைக்கு அதிகமாகப் போடப்பட்டதோ அத்தனைக்குப் பழைய மென்மை விடைபெற்றது. சுழற்சியை ஒத்திசைக்க வேண்டிய அவசியமும் திரும்பி வந்தது.

அந்த அவசியத்தை நிறைவேற்றும் வழி, கியர் பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து வந்தது. கால் மிதிக்கும் பெடலுக்கும் எஞ்சினின் காற்று வால்வுக்கும் இடையே இருந்த கம்பி அகற்றப்பட்டு, பெடலின் நிலையை மின்சாரக் குறிப்பாக அறிந்து சிறு மோட்டார் ஒன்று வால்வைத் திறக்கும் முறை, 1980-களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ.வின் பன்னிரண்டு ஸிலிண்டர் கார்கள் போன்ற உயர்விலை வண்டிகளில் தோன்றி, பின்னர் எங்கும் பரவியது. கம்பி இருந்தவரை எஞ்சினை ரேஸ் செய்யும் அதிகாரம் ஓட்டுபவரின் காலுக்கே உரியதாக இருந்தது. கம்பி போனபின், கால் சும்மா இருக்கும்போதும் கம்ப்யூட்டர் எஞ்சினை ரேஸ் செய்யலாம் என்றாயிற்று. கியர் பெட்டியின் கம்ப்யூட்டரும் எஞ்சினின் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்னும் செய்திப் பாதை உதவியாக வந்து சேர்ந்தது.

இப்போது நம் உதாரணத்துக்குத் திரும்பி, 72 கி.மீ. வேகத்தில், கால் பிரேக்கின் மேல் இருக்க, ஆறாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு இறங்கும் அந்தச் சொற்ப நேரத்தைச் சற்று விரித்துப் பார்ப்போம். இஸட்.எஃப். பெட்டியில் நான்கு கோள் தொகுதிகளும், பாகங்களைப் பிடித்து நிறுத்தும் இரண்டு உட்பிரேக்குகளும் மூன்று கிளட்சுகளுமாக ஐந்து பிடிப்புகளும் இருக்கின்றன. எந்தக் கியரிலும் ஐந்தில் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். அதன் அமைப்பு எவ்வளவு சாமர்த்தியமானதென்றால், அடுத்தடுத்த கியர்களுக்கு மட்டுமன்றி, ஆறிலிருந்து நான்குக்கும், ஏன், எட்டிலிருந்து இரண்டுக்கும்கூட, ஒரு பிடிப்பை விட்டு வேறொன்றைப் பிடித்தாலே போதும். ஹைட்ரா-மேட்டிக்கைச் சங்கடப்படுத்திய ஏககால இரட்டை மாற்றம் இங்கே இல்லை.

கட்டளை பிறந்தவுடன், புதிதாகப் பிடிக்க வேண்டிய உட்பிரேக்கின் பிஸ்டனுக்குப் பின்னால் எண்ணெய் விரைந்து நிரப்பப்படுகிறது. தட்டுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும் நிலைவரை மட்டுமே. அதே வேளையில் பழைய கிளட்சின் அழுத்தம் தளர்கிறது; எஞ்சின் விடுபடுகிறது. உடனே கியர் பெட்டியின் கம்ப்யூட்டர், இத்தனை திருப்புவிசை வேண்டுமென்று எஞ்சினைக் கேட்கிறது. காற்று வால்வு திறந்து, குழாய்களில் காற்று நிரம்பி, ஸிலிண்டர்களில் எரிந்து பலனாவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், அந்தக் கேள்வி தேவைக்குச் சற்று முன்னதாகவே போயாக வேண்டும். பிரேக் அமுக்கப்பட்டிருப்பதால் வண்டியின் வேகமும் நிலையாக இல்லை, கணத்துக்குக் கணம் குறைகிறது. ஆகவே எட்ட வேண்டிய இலக்கு 3,150 அன்று, எட்டும் நேரத்தில் வண்டி இருக்கப்போகும் வேகத்துக்குரிய எண். நகரும் இலக்கை முன்கூட்டிக் கணித்து எஞ்சினை ஏற்றி, இரண்டு வேகமும் சந்திக்கும் தறுவாயில் எரிபொருளைக் குறைத்து, உட்பிரேக்கின் தட்டுகளை அழுத்திப் பிடித்து, பின்பு எரிபொருளை அடியோடு நிறுத்தி எஞ்சினைத் தடுப்பாக வேலை செய்யவிடுகிறது அந்தச் சாதனம். ஓட்டுபவர் அறிவதெல்லாம் உயர்ந்து நிற்கும் ஒலி ஒன்றுதான்.

இத்தனை துல்லியமும் எண்ணெயின் மேல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த எண்ணெய் தடித்தது. பிஸ்டனை நிரப்ப அது அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். தட்டுகள் தேயத் தேயப் பிஸ்டன் செல்ல வேண்டிய தூரமும் கூடும். ஆகையால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நிரம்பும் நேரத்தையும் வேகங்கள் சந்தித்த விதத்தையும் கம்ப்யூட்டர் கவனித்து, அடுத்த முறைக்குத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. குளிர்ந்த அதிகாலையில் முதல் சில மாற்றங்கள் முரட்டுத்தனமாக இருந்து பிறகு சீராவதையும், எண்ணெயை மாற்றாமல் நெடுநாள் ஓட்டிய வண்டி குலுங்கத் தொடங்குவதையும் இதைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

டார்க் கன்வர்ட்டரே இல்லாத இரட்டைக் கிளட்சுப் பெட்டிகளில், அதாவது 2003-இல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாகப் பொதுமக்களை எட்டிய வகையில், குலுக்கலை விழுங்க எண்ணெய்ச் சுழல் எதுவும் இல்லாததால் ஒத்திசைவு இன்னும் இன்றியமையாதது. கையால் மாற்றும் கியரிலும் இதைப் புகுத்தி, நெம்புகோல் எந்தப் பள்ளத்தை நோக்கி நகர்கிறது என்பதைக் கண்டு எஞ்சினைத் தானே ரேஸ் செய்துகொடுக்கும் ஏற்பாட்டை 2009 மாடல் நிஸ்ஸான் 370 இஸட் வண்டி கொண்டுவந்தது. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலெரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகளில் இருப்பது சாதாரணக் கைக்கியர் பெட்டியே. மனிதக் காலும் கையும் செய்த வேலையை யந்திரக் கருவிகள் செய்கின்றன. ஒரே கிளட்சாகையால் மாற்றத்தின்போது இழுப்பு அறவே நின்று திரும்புவதும், அந்த இடைவெளி பயணிகளுக்குத் தலையசைப்பாகத் தெரிவதும் அதற்கு இயல்பு.

இவ்வளவு பிரயாசையும் எதற்கு, பிரேக்கால் நிறுத்தினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு மலைச்சாலையே பதில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, வால்பாறையிலிருந்து ஆழியாறு வரும் 40 வளைவுகளையோ எண்ணிப் பார்க்கலாம். 1,600 கிலோகிராம் வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய சக்தி 1 கோடியே 57 லட்சம் ஜூல், 72 கி.மீ. வேகத்திலிருந்து வண்டியை 49 முறை முழுக்க நிறுத்துவதற்குச் சமம். அத்தனையும் பிரேக் தட்டுகளுக்குள் வெப்பமாகக் கொட்டினால், தட்டுகள் பிடிப்பிழப்பதும் பிரேக் எண்ணெய் கொதிப்பதும் நேரக்கூடியவையே. காற்று வால்வு மூடிய எஞ்சின் தரும் எதிர்ப்பு 30 நியூட்டன்-மீட்டர் என்று கொள்வோமானால், நம் உதாரண வண்டியில் ஆறாம் கியர் அதைக் கொண்டு 2 சதவிகிதச் சரிவில்கூட வண்டியைத் தாங்காது. இரண்டாம் கியரோ அதே எதிர்ப்பை மூன்று மடங்காக்கி, 6 சதவிகிதச் சரிவில் பிரேக்கின் உதவி ஏறக்குறைய வேண்டாத அளவுக்கு வண்டியைப் பிடித்து நிறுத்தும். வெப்பமும் பிரேக்கில் தங்காமல் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் காற்றோடு போய்விடும்.

இக்காலத்துப் பெட்டிகள் பல, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாமலே வேகம் கூடுவதைக் கண்டு இறக்கத்தை ஊகித்துக்கொண்டு தாமாகவே கியரைக் குறைக்கின்றன. ஆனால் அவை அறிவது, வண்டி ஏற்கெனவே அடைந்துவிட்ட நிலையைத்தான். முன்னே வரப்போகும் வளைவையும் அதற்கப்பால் உள்ள செங்குத்தையும் பார்ப்பவை பெரும்பாலும் ஓட்டுபவரின் கண்களே. ஆதலால், தானியங்கி வண்டியில் மலையிறங்கும் வாசகர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது: இறக்கம் தொடங்குமுன்பே நெம்புகோலைக் கைமாற்று நிலைக்கு அல்லது ‘எல்’ நிலைக்குக் கொண்டுவந்து, தாழ்ந்த கியரில் இறங்குங்கள். எஞ்சின் உரக்க ஒலிப்பதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அந்த வேகத்தில் பெரும்பாலும் அது துளி எரிபொருளும் குடிப்பதில்லை, அதன் எல்லையைத் தாண்டும் கியரையும் பெட்டி அனுமதிப்பதில்லை. சிக்கனம் என்று நினைத்து எக்காரணத்தைக் கொண்டும் நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள்.